கணினிக் குரல் பாடும் ஜப்பானியப் பாட்டுகள்: எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

சுருதிப்பெட்டி (வெள்ளவத்தை) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் வெள்ளவத்தையில் வீட்டில் வைத்து வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். வியாழனும் சனியும் பின்னேரம் எட்டுப் பிள்ளைகள் வருவார்கள். அதில் ஒருத்திக்குப் பதினைந்து வயது. வட இலங்கைச் சங்கீத சபைச் சோதனைக்குப் படிக்கிறாள். சுருதி சுத்தமான பிள்ளை. போன வியாழன் வகுப்புத் தொடங்க முதல், நான் சுருதி வைத்துக்கொண்டிருக்க, அவள் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தாள். கீழே நின்ற மெட்டு ஒரே எட்டில் மேல் ஸ்தாயிக்குத் தாவியது. தாவி விழுந்த இடம் பிசகவில்லை. எங்களுடைய வர்ணத்தில் அதே உயரத்துக்கு ஏற அவள் ஒரு மாதமாகத் தயங்கிக்கொண்டிருக்கிறாள்.

"என்ன பாட்டு அது?" என்று கேட்டேன். கொஞ்சம் பயந்து போனைக் காட்டினாள். நீலப்பச்சைத் தலைமுடியை இரண்டு பக்கமும் கட்டித் தொங்கவிட்ட ஒரு சித்திரப் பிள்ளை. "இவ ஆள் இல்லை மிஸ், கொம்பியூட்டர் பாடுது" என்றாள்.

அன்றிரவு நானே தேடிக் கேட்டேன். மூன்று பாட்டோடு மூடிவிட்டேன். ஒரே வேகம். மூச்சு விடுகிற இடம் எங்கே என்று தேடித் தேடிக் களைத்துப் போனேன். ஆனால் பிள்ளை ஆசையாகக் கேட்கிற ஒன்றை, அது என்னவென்று தெரியாமல் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. சின்ன வயதில் நான் சினிமாப் பாட்டுப் பாடியதைக் கேட்டுவிட்டு என்னுடைய ரீச்சர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அந்த மாதம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

என்னைப் போன்ற காதுக்கு ஐந்தாறு பாட்டுச் சொல்வீர்களா? பாடுவது யார், அதில் எதைக் கவனித்துக் கேட்க வேண்டும் என்பதையும் சொன்னால் பெரிய உதவி.


தெஹிவளை_101 எழுதியது:

அக்கா, உங்கள் ஸ்டூடண்டுக்கு நல்ல ரசனை! கட்டாயம் இந்த மூன்றையும் கேளுங்கள். சத்சுகியின் "மெஸ்மரைசர்", 2024இல் வந்தது, மிக்கு, தெட்டோ என்ற இரண்டு கணினிக் குரல்கள் சேர்ந்து பாடுவது. யொஷிதா யாசெய் ஆக்கிய "ஓவர்ரைட்", 2023, தெட்டோ மட்டும். கனாரியாவின் "கிங்", 2020, அதில் கூமி என்ற குரல். நான் காலையில் 101 பஸ்ஸில் ஏறினால் புறக்கோட்டை வரும்வரை இவைதான். "மெஸ்மரைசர்" வீடியோவோடு பார்க்க வேண்டும். மெட்டுத் துள்ளும், ஆனால் இரண்டு பேருடைய முகமும் போகப் போக மாறும், அதைக் கவனியுங்கள். என் தங்கச்சி அந்தக் கையசைவு முழுவதையும் பாடமாக்கி வைத்திருக்கிறாள்.


மூன்றாம்_மாடி (பம்பலப்பிட்டி) எழுதியது:

வணக்கம் அக்கா. நான் ஓ.எல் படித்த காலத்தில், 2010இல், இந்தப் பாட்டுகளைக் கேட்கத் தொடங்கினேன். இப்போது ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை, இன்னமும் கேட்கிறேன். உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தரம் வாசித்தேன். ஒரு சங்கீத ரீச்சர் இப்படிக் கேட்பார் என்று நான் நினைத்ததே இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

தம்பி சொன்ன மூன்றும் நல்ல பாட்டுகள். ஆனால் அவை பழகிய காதுக்கு. அதில் தொடங்கினால் நாலாவது பாட்டிலும் மூடிவிடுவீர்கள்.

பாடுவது யார் என்று கேட்டீர்கள். கொழும்பில் நாங்கள் எல்லோரும் தினமும் ஒரு ஜப்பானியக் குரலைக் கேட்கிறோம். ஜப்பானில் ஓடி இங்கே இறங்கிய வாடகைக் கார் ஒன்றில் ஏறுங்கள். சாரதி ஸ்டார்ட் பண்ணியவுடன் ஒரு பெண் பவ்வியமாக ஏதோ அறிவிப்பார். அந்த நாட்டு நெடுஞ்சாலைக் கட்டண அட்டை உள்ளே போடப்படவில்லை என்கிறார். காலி வீதியில் அந்த அட்டைக்கு ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் ஒவ்வொரு காலையும் சொல்வார். யாரோ ஒருவர் ஒரு நாள் ஒரு அறையில் இருந்து பேசியது, அவருக்கே தெரியாத ஊரில் இன்னும் ஒலிக்கிறது. உங்கள் மாணவி காட்டிய அந்த நீலப்பச்சைத் தலைமுடிப் பிள்ளை, ஹட்சுனே மிக்குவும் அந்த மாதிரித்தான், ஆனால் பதிந்து வைத்தது வசனத்தை இல்லை, எழுத்தொலிகளை. ஃபுஜிதா சாக்கி என்ற குரல் நடிகை ஒலிகளைச் சொல்லிக் கொடுத்தார். ஓர் ஒலியிலிருந்து அடுத்த ஒலிக்கு வாய் போகிற அந்த வழியையும் சேர்த்துப் பதிந்தார்கள். அவற்றை ஒட்டிப் பாட வைக்கிற மென்பொருள் வோக்கலாய்ட். யமஹா நிறுவனம் பார்சிலோனாவில் உள்ள பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆராய்ந்து உருவாக்கியது. முதல் குரல்கள் 2004இல் விற்பனைக்கு வந்தன. மிக்கு வந்தது 2007 ஆகஸ்ட் 31, வெளியிட்டது சப்போரோ நகரத்தில் இருக்கிற கிரிப்டன் என்ற நிறுவனம். ஹட்சு என்றால் முதல், நே என்றால் ஒலி, மிக்கு என்றால் எதிர்காலம்.

முக்கியமான விஷயம் இதுதான் அக்கா: பாடுகிற குரலின் பெயரை வைத்துத் தேடாதீர்கள், ஆக்கியவர் பெயரை வைத்துத் தேடுங்கள். வீணை ஒன்றுதான், வாசிக்கிற விரல்கள் ஆயிரம். மெட்டும் வரியும் வாத்தியமும், அந்தக் குரலை எழுத்தெழுத்தாகப் பாட வைத்ததும் பெரும்பாலும் ஒரே ஆள், ஓர் அறை. அதில் பலர் அப்போது பள்ளிப் பிள்ளைகள், வேலைக்குப் போகிறவர்கள். பெயருக்குப் பின்னால் "பி" என்று வந்தால் ஆக்குபவர் என்று அர்த்தம். பாடகர் கிடைக்காத, ஸ்டூடியோவுக்குக் காசில்லாத ஒருவருக்கு ஒரு குரல் கிடைத்தது. எனக்கு இந்தப் பாட்டுகளில் கேட்பது அந்தச் சந்தோஷம்தான்.

சரி, பாட்டுக்கு வருகிறேன்.

முதலில் "மெல்ட்". ஆக்கியவர் ரியோ, 2007 டிசம்பர். காலையில் கண் விழித்தவுடன் ஒருவனை நினைக்கிற பிள்ளை, நெற்றி முடியை வெட்டிக்கொள்கிறாள், மழை வருகிறது, ஒரு குடைக்குள் இரண்டு பேர். அவ்வளவுதான் கதை. அதற்கு முதல் வந்த பாட்டுகளில் பல, "நான் ஒரு மென்பொருள், என்னைப் பாட வையுங்கள்" என்று மிக்கு தன்னைப் பற்றியே பாடுபவை. இதில்தான் அவள் ஒரு சாதாரணப் பெண்பிள்ளையாக நின்று பாடினாள். பல்லவிக்கு ஏறுகிற இடத்தில் குரல் கொஞ்சம் தகரம் தட்டின மாதிரி இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள், பழைய இசைத்தட்டின் இரைச்சலைப் பொறுக்கிற மாதிரி.

இரண்டாவது "சைஹாதே". கொபயாஷி ஒனிக்ஸ், 2008 ஜனவரி. உங்களுக்கு ஒரே ஒரு பாட்டுத்தான் கேட்க நேரம் என்றால் இதைக் கேளுங்கள். மெட்டு அவசரமில்லாமல், கிட்டத்தட்டச் சிரித்த முகத்தோடு நடக்கும். வரிகளோ போய்விட்ட ஒருவரை வழியனுப்புகிறவை. அங்கே எப்படிப்பட்ட இடம், பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் ஒரு தகவல் அனுப்பு என்று கேட்கிறது.

இதைப் பற்றி நான் சாதாரணமாக எழுத முடியாது. 2021 ஜூனில் என் அம்மம்மா யாழ்ப்பாணத்தில் காலமானார். நாடு முழுக்கப் பயணத் தடை. நான் பம்பலப்பிட்டியில் இந்த மூன்றாம் மாடியில். மாமா போனைப் பிடித்துக் காட்டினார், படம் நின்று நின்று வந்தது. அம்மம்மாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணி மட்டும் தெளிவாகத் தெரிந்தது, பிறகு லைன் வெட்டுப்பட்டது. அன்றிரவு பல்கனியில் இருந்து இந்தப் பாட்டைக் கேட்டேன். பல வருஷமாகத் தெரிந்த பாட்டு, அர்த்தமும் தெரியும். ஆனால் அன்றைக்குத்தான் அது எனக்குப் பாடினது. மனிதக் குரல் ஒன்று பாடியிருந்தால் என்னால் கேட்டிருக்க முடியாது அக்கா. அது தன்னுடைய அழுகையையும் கொண்டுவந்திருக்கும். மிக்குவின் குரலில் அழுகை இல்லை, அதனால் என்னுடையதை வைக்க இடம் இருந்தது.

மூன்றாவது, நீங்கள் மூச்சைப் பற்றிக் கேட்டதற்காக: "ரோலிங் கேர்ள்". வொவாக்கா, 2010. வேகமான பாட்டுத்தான், ஆனாலும் கேளுங்கள். "மோ இக்காய், மோ இக்காய்", இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று ஒரு பிள்ளை விழுந்து உருண்டு எழும்புகிறாள். இப்போதே மூச்சை நிறுத்துகிறேன் என்று வந்து முடிகிறது. மூச்சே விடாத ஒரு குரல் அதைப் பாடுகிறது. நீங்கள் தேடிக் களைத்த அந்த மூச்சு இடம் இல்லாததுதான் இந்தப் பாட்டின் பொருள். மனிதர் பாட முடியாதபடி எழுதுவதை வொவாக்கா ஒரு பாணியாகவே வளர்த்தார். பிறகு பிள்ளைகள் பிடிவாதமாக அதையும் பாடக் கற்றுக்கொண்டார்கள். உங்கள் மாணவி மேல் ஸ்தாயிக்குத் தயங்காமல் தாவியதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்: அவளுக்கு முன்னால் பாடிக் காட்டிய குரல் தயங்கவில்லை. வொவாக்கா 2019 ஏப்ரலில் இறந்துபோனார், வயது 31.

அப்புறம் "ஜஸ்ட் பி ஃப்ரெண்ட்ஸ்", டிக்ஸி ஃப்ளாட்லைன், 2009. பாடுவது மெகுரினே லூக்கா என்ற வேறு குரல், கொஞ்சம் தாழ்ந்த, முதிர்ந்த பெண் குரல். மிக்குவின் கீச்சு பிடிக்காவிட்டால் இதில் ஆறுதல் கிடைக்கும். "கொக்கோரோ", தொராபொருதா பி, 2008, பாடுவது ககமினே ரின். தனியாக இருந்த ஒரு விஞ்ஞானி ஒரு ரோபோவைச் செய்கிறார், அதற்கு உள்ளம் ஒன்று வைக்க முயல்கிறார். அந்தக் கதையை உண்மையிலேயே உள்ளம் இல்லாத குரல் பாடுகிறது.

"செம்பொன்சக்குரா" உங்கள் மாணவிக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். குரோஉசா பி, 2011. ஆயிரம் செர்ரி மரங்கள் என்று பொருள், ஆனால் தமிழ்க் காதுக்குச் செம்பொன் என்றுதான் விழும், எனக்கு அது பிடிக்கும். 2015 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டை வரவேற்கிற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கொபயாஷி சச்சிகோ என்ற மூத்த பாடகி இதைப் பாடினார். ஜப்பானில் அம்மம்மாமாரும் வீட்டில் இருந்து பார்க்கிற நிகழ்ச்சி அது. அந்தப் பாட்டில் எனக்குச் சுத்த தன்யாசி ராகத்தின் வாடை அடிக்கிறது. சரியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று, இது உங்களுக்கு மட்டும். தொமித்தா இசாவோ என்ற பெரிய இசையமைப்பாளர் எண்பது வயதில் "இஹத்தோவ் சிம்பொனி" எழுதி 2012 நவம்பரில் தோக்கியோவில் அரங்கேற்றினார். முழு வாத்தியக் குழு, பாடகர் குழு, நடுவில் தனிப்பாடகியாக மிக்கு. வழக்கமான மேடைகளில் மனிதர்கள் இயந்திரத்தின் தாளத்துக்கு வாசிப்பார்கள். இங்கே வாத்தியக் குழுவை நடத்துபவரின் கைக்கு மிக்கு காத்திருந்து பாட வேண்டும் என்று கேட்டு, அப்படியே செய்ய வைத்தார்.

பிள்ளைக்குப் பதினைந்து வயது என்பதால் இதையும் சொல்ல வேண்டும். இந்தப் பாட்டுகளில் பலவற்றில் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் படுத்துகிற கொடுமை, தற்கொலை எண்ணம் எல்லாம் வரும். மிக்கித்தோ பியின் "ஷோஜோ ரெய்" 2018இல் வந்தது, கோடைகாலக் கடற்கரை மாதிரிக் குளிர்ச்சியான மெட்டு, உள்ளே இருப்பது அந்தக் கொடுமையும் ஒரு சாவும். தடுக்கச் சொல்லவில்லை. நானும் பதினாறு வயதில் இவற்றைக் கேட்டுத்தான் சில நாட்களைக் கடந்தேன். பிள்ளையோடு கதைத்துக்கொண்டு கேளுங்கள், அவ்வளவுதான்.


சுருதிப்பெட்டி எழுதியது:

தம்பி, மிக்க நன்றி. இரண்டு நாள் எடுத்து எல்லாவற்றையும் கேட்டேன். அம்மம்மாவின் செய்திக்கு வருந்துகிறேன். "சைஹாதே"யை அர்த்தம் தெரியாமல் ஒரு தரம், நீங்கள் எழுதியதை மீண்டும் வாசித்துவிட்டு ஒரு தரம் கேட்டேன். இரண்டாம் தரம் அடுப்பில் பாலை மறந்துவிட்டேன்.

"செம்பொன்சக்குரா" சுத்த தன்யாசி இல்லை. வெளி ஸ்வரங்கள் வருகின்றன. ஆனால் ஏன் அப்படிக் கேட்டது என்று விளங்குகிறது. முக்கியமான இடங்களில் மெட்டு அந்த ஐந்து ஸ்வரங்களுக்குள்ளேயே சுற்றுகிறது. பிள்ளைகளுக்கு ராகம் எங்கே நிற்கிறது, எங்கே வெளியே போகிறது என்று காட்ட நல்ல உதாரணம், நான் எடுத்துக்கொள்கிறேன்.

லூக்காவின் பாட்டில்தான் முதல் தரம் குரல் என்று நம்பினேன். ஒரு சொல்லின் முடிவில் ஸ்வரம் மெதுவாக வழுக்கி இறங்கியது. அது தானாக நடந்ததா, யாராவது செய்ததா? செய்தது என்றால் எப்படி? எங்களுக்குக் கமகம் என்பது கையைப் பிடித்து, முகத்தைப் பார்த்து, நூறு தரம் பாடிக் காட்டிக் கொடுப்பது. ஒரு பெட்டிக்குள் எழுத்தைப் போட்டால் அது எங்கிருந்து வரும்? இதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்கு நித்திரை வராது போல இருக்கிறது.


கொட்டாஞ்சேனை_நிஹோங்கோ எழுதியது:

நான் ஏ.எல்லுக்கு ஜப்பானிய மொழியை ஒரு பாடமாக எடுத்துப் படிக்கிறேன். மூன்றாம் மாடி அண்ணா சொன்னதில் இரண்டு விஷயம் சேர்க்கலாமா?

"கொக்கோரோ" என்பதை இதயம் என்று மொழிபெயர்த்துப் போடுகிறார்கள். அண்ணா உள்ளம் என்று எழுதியதுதான் சரி. உடம்புக்குள் துடிக்கிற இதயத்துக்கு வேறு சொல் இருக்கிறது. கொக்கோரோ என்றால் நினைப்பதும் உணர்வதும் சேர்ந்த இடம், எங்களுடைய மனம் மாதிரி. அது தெரிந்தால் ரோபோவுக்கு என்ன இல்லை என்பது சரியாக விளங்கும்.

மற்றது, செம்பொன். எழுத்தின்படி அது "சென்பொன்". பகரத்துக்கு முன்னால் வரும் ன் வாயில் ம் ஆகிவிடும். பொன் குடம் பொற்குடம் ஆகிற மாதிரி அவர்களுக்கும் ஒலி மாறும், ஆனால் எழுதும்போது மாற்ற மாட்டார்கள். எங்கள் சென்செய் இதை விளங்கப்படுத்தியபோது வகுப்பில் எனக்கு மட்டும் உடனே பிடிபட்டது, தமிழ் இலக்கணம் படித்ததால்.

ரசிகர்கள் போடுகிற ஆங்கில மொழிபெயர்ப்புகளை ஒன்றை மட்டும் நம்பாதீர்கள் மிஸ், இரண்டை ஒப்பிட்டுப் பாருங்கள். ஜப்பானிய வரிகளில் யார் சொல்கிறார்கள் என்பதே பல நேரம் இருக்காது. நான், நீ என்பதை மொழிபெயர்ப்பவர் தானாகப் போட்டுவிடுவார்.


மூன்றாம்_மாடி எழுதியது:

அக்கா, அந்த வழுக்கல் தானாக வந்ததும் இருக்கும், ஆக்கியவர் கையால் இழுத்ததும் இருக்கும். மென்பொருள் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்குத் தானே கொஞ்சம் வளைந்து போகும். அதற்கு மேல் உள்ளதெல்லாம் மனிதர் செய்வது. சுருதியை வளைக்க ஒரு கோடு, சத்தம் ஏறி இறங்க ஒரு கோடு, குரலில் காற்றுக் கலக்க ஒன்று, அசைவுக்கு ஒன்று. ஜப்பானியர்கள் இந்த வேலைக்கு "சோக்யோ" என்பார்கள், பழக்கி எடுப்பது என்ற பொருளில். ஒரே மிக்கு ஒருவரிடம் தகரமாகவும் இன்னொருவரிடம் ஆளாகவும் கேட்பது இதனால்தான். இப்போது வருகிற புதுக் குரல்கள் மனிதர் பாடியதைப் படித்து வளைவுகளைத் தாங்களே போடுகின்றன. தம்பி சொன்ன தெட்டோ அப்படி ஒன்று, 2023இல் வந்தது. ஆனால் தெட்டோவின் கதை பழையது. 2008 ஏப்ரல் முதலாம் திகதி யாரையோ ஏமாற்றச் சில பேர் இணையத்தில் இட்டுக்கட்டிய பொய்ப் பாடகி. பிறகு உத்தாவு என்ற இலவச மென்பொருளுக்கு உண்மையாகவே குரல் பதிந்து கொடுத்தார்கள். ஏமாற்ற வந்தவள் நிலைத்துவிட்டாள்.

எனக்கு இது கையால் தெரியும். 2013இல் பம்பலப்பிட்டிக் கடை ஒன்றில் பாவித்த கணினி ஒன்று வாங்கி, உத்தாவுவை இறக்கினேன். கணினியின் மொழியை ஜப்பானியத்துக்கு மாற்றாவிட்டால் எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியாக வரும், அதைக் கண்டுபிடிக்க இரண்டு இரவு. பிறகு தெட்டோவைக் கொண்டு அம்மம்மா பாடுகிற தாலாட்டைப் பாட வைக்க நினைத்தேன்.

ஜப்பானிய மொழியில் சொற்கள் உயிரில் முடியும், அல்லது ன் ஒலியில். லகரம், ளகரம், ழகரம் மூன்றும் இல்லை, மூன்றுக்கும் ர தான். நிலா "நிரா" ஆகும், தமிழ் "தமிரு" ஆகும். அதனால் ஒன்றும் சரிவராது என்றுதான் தொடங்கினேன். முதல் வரி "ஆராரோ ஆரிரரோ". ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு எழுத்து: ஆ, ரா, ரோ. பாட வைத்தேன். அக்கா, ஒரு பிசகும் இல்லை! அந்த வரியில் ஜப்பானியருக்கு இல்லாத எழுத்து ஒன்றுகூட இல்லை. "மானே மரகதமே" வந்தது. "கண்ணே" வந்தது, இரட்டிப்பு அவர்களுக்கும் உண்டு. நடுச்சாமத்தில் தனியாக இருந்து, உலகத்திலேயே இல்லாத ஒருத்தி அம்மம்மாவின் பாட்டைப் பாடக் கேட்டேன்.

ஆனால் உயிர் இல்லை. ரோ என்பதை அம்மம்மா நேராகப் பாட மாட்டார், தொட்டிலை ஆட்டுகிற கைக்கு ஏற்ப அது ஆடும். உத்தாவுவில் ஸ்வரத்தின் மேல் புள்ளி வைத்துப் புள்ளிகளை வளைகோட்டால் இணைக்கலாம், கோலம் போடுகிற மாதிரி. ஒரே ஒரு ரோவுக்குப் பதினொரு புள்ளி வைத்தேன். புள்ளிகள் சம இடைவெளியில் இருந்தால் ஆம்புலன்ஸ் சத்தம் மாதிரி வரும். முதல் ஆட்டம் அகலம், அடுத்தது சின்னது, கடைசிக்கு முன்னம் கொஞ்சம் பொறுத்து இறங்க வேண்டும். இது எனக்கு எப்படித் தெரிந்தது? யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்து, "அம்மம்மா, ஒருக்கா ஆராரோ பாடுங்கோ" என்று கேட்டேன். ஏன் என்று கேட்காமல் பாடினார். ஆறு தரம் பாட வைத்தேன். அதைக் கேட்டுக் கேட்டுப் புள்ளியை நகர்த்தினேன். நீங்கள் சொன்ன நூறு தரம் அங்கேதான் வந்தது, மாணவி மட்டும்தான் வேறு.

முடிக்கவில்லை. "யாரடித்து நீ அழுதாய்" என்ற இடத்தில் நின்றுவிட்டது. "அருதாய்" என்று தெட்டோ பாடினாள். ழுவுக்கு எத்தனையோ வழி பார்த்தேன், ரகரத்தின் முன்பகுதியை வெட்டி, உகரத்தை இழுத்து, ஒன்றும் சரிவரவில்லை. அந்தக் கோப்பு இன்னும் இருக்கிறது, அந்தச் சொல் வரைக்கும். அம்மம்மா பாடிய பதிவு இல்லை. போனில் கேட்டதுதான், அப்போது பதியத் தோன்றவில்லை. இப்போது அந்தப் பதினொரு புள்ளியில் மட்டும்தான் அவருடைய குரல் ஆடிய விதம் மிஞ்சியிருக்கிறது.


தெஹிவளை_101 எழுதியது:

அண்ணா, நான் பஸ்ஸில் இருந்து வாசித்து இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். அந்தக் கோப்பைப் போடுங்கள். இப்போது ஓப்பன் உத்தாவு என்று ஒன்று இருக்கிறது, இலவசம், மொழி மாற்றத் தேவையில்லை, பழைய கோப்பையும் திறக்கும்.


சுருதிப்பெட்டி எழுதியது:

தம்பி, கோப்பைப் போட்டதற்கு நன்றி. நேற்றுச் சனிக்கிழமை வகுப்பில் எட்டுப் பிள்ளைகளையும் இருத்திக் கேட்க வைத்தேன். யார் பாடுவது என்று முதலில் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை மட்டும் முதல் "ஆ"விலேயே "மிஸ், தெட்டோ!" என்று கத்திவிட்டாள்.

இரண்டாவது ரோவை நிறுத்தி நிறுத்தி நாலு தரம் போட்டேன். முதல் அசைவு அகலம், அடுத்தது சின்னது, பிறகு கொஞ்சம் பொறுத்து இறங்குகிறது. நீலாம்பரி ராகம் சொல்லிக்கொடுக்கும்போது நான் வாயால் விளங்கப்படுத்த முடியாமல் திண்டாடுகிற இடம் அது. உங்கள் அம்மம்மா சங்கீதம் படித்தவரா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். இந்தத் தொனி தொட்டில் ஆட்டிய கையிலிருந்து வருவது.

பாட்டு "யாரடித்து நீ" என்று வந்து நின்றது. அறையில் சத்தம் இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை தானாகவே, தெட்டோ விட்ட அதே சுருதியில், "அழுதாய்" என்று பாடினாள். ழு சுத்தமாக விழுந்தது. வகுப்பு முடிய அதை என் போனில் பதிந்து வைத்தேன், தாயிடமும் கேட்டுவிட்டேன், அனுப்பலாம் என்றார். ஒரு சொல்தான், மூன்று விநாடி வரும். உங்கள் கோப்பில் அந்தப் பெட்டிக்குள் வைக்க முடியுமா என்று பாருங்கள். சுருதி ஐந்து கட்டை.